புறப்பாடும் எழுத்தும்: அமெரிக்க மிஷனரிமாரின் வழியனுப்பு இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1816 ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் சிதைந்து கிடந்த பழைய கோயிற் கட்டடங்களை மிஷனரிமார் திருத்திக் குடியேறியமை முதல் அத்தியாயமாக அமையும். அதற்கு முன்னர் நடந்தவை, அதாவது அவர்கள் பயணத்துக்கு ஆயத்தமானதும், வழியனுப்பப்பட்டதும், கப்பலேறியதும், இரண்டொரு வாக்கியங்களில் முடிந்துவிடும். அந்த இரண்டொரு வாக்கியங்களுக்குள் அடக்கப்பட்டவற்றையே நாம் இக்கட்டுரையில் சற்று விரித்து நோக்க முயல்கின்றோம். புறப்பாட்டைச் சூழ்ந்து எழுந்த பிரசங்கங்கள், நாட்குறிப்புகள், கடிதங்கள், சரிதைகள் ஆகியன தமக்கென மரபுகளைக் கொண்ட ஓர் இலக்கிய வகையாகும். அவ்வகையின் இயல்பை அறியாது, அவற்றை யாழ்ப்பாணச் சமூகம் பற்றிய நேர்ச் சான்றுகளாகக் கையாண்டு வந்தமையால் நமது ஆய்வுகளில் ஒரு கோணல் ஏற்பட்டுள்ளது என்பது எமது கருத்து.

இவ்வெழுத்துகள் பிறந்த மண்ணை முதலில் நோக்குதல் தகும். 1806 ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், மழைக்கு ஒதுங்கிய ஒரு வைக்கோற்போரின் அடியில் ஆசிய நாடுகளுக்கு மிஷன் அனுப்புவது பற்றிப் பேசி மன்றாடினர் என்பது அமெரிக்க மிஷனரி இயக்கத்தின் தோற்றக் கதையாக வழங்குவது. அவ்வைவருள் ஒருவரான ஜேம்ஸ் றிச்சாட்ஸ் பின்னர் வட்டுக்கோட்டைக்கு வந்து, 1822 இல் தெல்லிப்பழையில் இறந்தவர் என்பதை இங்குள்ளோர் பலர் நினைவிற் கொள்வதில்லை. 1810 இல் வெளிநாட்டு மிஷன்களுக்கான அமெரிக்கச் சங்கம் நிறுவப்பட்டது. அதற்கு ஆட்களை உருவாக்கிக் கொடுத்த அன்டோவர் இறையியற் கல்லூரியின் தொடக்கத்துக்குப் பெருந்தொகை வழங்கியோர் வில்லியம் பாட்லெற், மோசஸ் பிறவுண், ஜோன் நொறிஸ் ஆகிய நியூபரிபோட், சேலம் துறைமுக வணிகராவர். கீழைத்தேய வணிகத்துக்காக நியூ இங்கிலாந்துத் துறைகளிலிருந்து புறப்பட்ட கப்பல்களிலேயே மிஷனரிமாரும் பயணஞ் செய்தனர். 1812 இல் மூண்ட அமெரிக்க ஆங்கிலப் போரினாற் கடல்வழி அடைபட்டபோது மிஷனும் காத்திருந்தது. 1815 இல் அமைதி திரும்பவே கப்பலும் மிஷனும் ஒருங்கே கடலில் இறங்கின. ஆயினும் வணிகர் பணம், வணிகர் கப்பல் என்பனவற்றைச் சுட்டியவுடன் விளக்கம் முற்றுப்பெற்றுவிட்டது எனக் கருதும் எளிமைக்கு நாம் உடன்பட மாட்டோம். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தாயை விட்டுக் கப்பலேறுவதை மிளகு வணிகத்தின் இலாப நட்டக் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அப்பெண்ணின் நூலிலிருந்தே இவ்வகையின் இயல்பை நன்கு உணரலாம். 1812 பெப்ரவரி 6 ஆந் திகதி சேலம் நகரத்து ஆலயமொன்றில் ஜட்சன், நியூவெல், நொற், ஹோல், றைஸ் ஆகிய ஐவருக்குக் குருப்பட்டம் வழங்கப்பட்டது. ஜட்சனின் திருமணம் அதற்கு முதல்நாளும், சாமுவேல் நியூவெலின் திருமணம் மூன்று நாட்களின் பின்னரும் நடைபெற்றன. பெப்ரவரி 19 இல் இவ்விரு தம்பதியரும் கரவன் என்னும் கப்பலிற் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அங்கு தங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி மறுத்தது. ஹரியற் நியூவெல் கடலிற் குழந்தையைப் பெற்று, அதனைக் கடலிலேயே இழந்து, அவ்வாண்டு நவம்பர் 30 இல் மொறீசியசுத் தீவில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும், லெனாட் வூட்ஸ் நிகழ்த்திய நினைவுப் பிரசங்கத்துடன் சேர்க்கப்பட்டு 1814 இல் நூலாயின. அது பல பதிப்புகளைக் கண்டது. அக்கால அமெரிக்கப் பெண்கள் பெரிதும் விரும்பிப் படித்த சமய நூல்களுள் ஒன்றாயிற்று.

இந்நூலை நோக்குமிடத்து மேற்கிளம்பும் உண்மை ஒன்றுண்டு. அமெரிக்க மிஷனரி இலக்கியத்தின் முதற் புகழ்பெற்ற கதாநாயகி ஒரு நாளேனும் மிஷனரிப் பணி செய்தவரல்லர். எந்த ஊரிலும் அவர் நிலைகொள்ளவில்லை. எந்த மொழியையும் கற்று முடிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையும் நடத்தவில்லை. பள்ளி மாணவியாக எழுதத் தொடங்கிய ஆன்ம பரிசோதனைக் குறிப்புகள், நியூவெலின் திருமண வேண்டுகோள் வந்தபோது ஏற்பட்ட கலக்கம், கைம்பெண்ணாகிய தாயின் இசைவு, விடைபெறல், கடல், நோய், மரணம் என்பனவே நூலின் உள்ளடக்கம். அதாவது ஆயத்தமும் புறப்பாடுமே முழு நூலும் ஆகும். சேர வேண்டிய இடம் நூலில் இல்லை. அதன் வெற்றிக்கு அவ்விடம் தேவைப்படவும் இல்லை. இவ்விலக்கிய வகையில் இலட்சியம் நிறைவேறும் இடம் துறைமுகமே.

பிரிவு என்பது தமிழ் வாசகருக்குப் புதியதன்று. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவின் காரணங்களை வகுத்த அகத்திணை மரபு, கடல்வழிச் செலவிற் பெண்ணை உடன்கொண்டு செல்லுதல் வழக்கன்று என்றும் கூறும். அம்மரபிற் பயணம் ஆணுடையது, ஆற்றியிருத்தல் பெண்ணுடையது, கவிதை பிறப்பது ஆற்றியிருப்பவளின் வாயிலிருந்து. அமெரிக்கச் சங்கமோ மிஷனரி மணமானவனாகச் செல்வதையே பெரிதும் விரும்பியது. ஆகவே திருமணமும் கப்பலேற்றமும் ஒரே மாதத்தில், சில வேளைகளில் ஒரே வாரத்தில், நெருக்கி வைக்கப்பட்டன. பெண்ணுக்குக் குருப்பட்டம் இல்லை. சங்கக் கூட்டத்திற் பேச இடமில்லை. கடல் கடந்து செல்ல விரும்பிய ஒருத்திக்கு அக்காலத்திற் கிடைத்த கடவுச்சீட்டு தாலியே என்று சொன்னால் அது மிகையாகாது. (தாலி என நாம் கூறுவது நம் வழக்குப் பற்றி; அவர்களிடம் மோதிரம்.) திருமண வேண்டுகோளே இறை அழைப்பாகவும் வந்து சேர்ந்தமையால், அதனை மறுத்தல் மணமகனை மறுத்தல் ஆகாது, கடவுளை மறுத்தலாகிவிடும் என்னும் இக்கட்டு இப்பெண்களின் எழுத்துகளில் அடிநாதமாக ஓடுகின்றது. ஜட்சன் தாம் மணக்க விரும்பிய ஆன் ஹசல்ரைனின் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மகளை இவ்வுலகில் மறுபடி காணாதிருக்கவும், அவள் இன்னலுற்று அந்நிய மண்ணில் இறக்கவும் சம்மதிப்பீரா என்றே வினவுகிறார். இத்தகைய வேண்டுகோளைத் தந்தையிடம் வைத்த மணமகன் நமது அகப்பாடல்களில் எவனுமில்லை. உடன்போக்கின்போது செவிலி படும் துயரை அறிந்த வாசகர், நியூ இங்கிலாந்துத் தாய்மார் இந்நூல்களில் ஏன் இத்துணை அடக்கமாகப் பேசுகின்றனர் என வினவுதல் கூடும். நூலைத் தொகுத்தோர் குருமாரும் கணவன்மாரும் என்பதே விடையின் ஒரு பகுதி.

இலங்கைக்கென்று நேரே அனுப்பப்பட்ட முதற் குழுவின் புறப்பாட்டுக்கு வருவோம். மனைவியை இழந்த நியூவெல் 1813 இல் இலங்கையிற் பல மாதங்கள் தங்கி, இத்தீவு, சிறப்பாக யாழ்ப்பாணம், மிஷனுக்கு ஏற்ற களமென எழுதினார். எனவே யாழ்ப்பாணத்தின் தெரிவுங்கூட முறிந்துபோன ஒரு பயணத்தின் விளைவே. 1815 யூன் 21 இல் நியூபரிபோட்டில் மில்ஸ், றிச்சாட்ஸ், வாறன், பாட்வெல், மெயிக்ஸ், பூவர் ஆகிய அறுவர் குருப்பட்டம் பெற்றனர். மில்ஸ் நீங்கலாக ஏனைய ஐவரும் ஒக்ரோபர் 23 இல் டிறையட் என்னும் கப்பலிற் புறப்பட்டு, 1816 மார்ச் 22 இற் கொழும்பை அடைந்தனர். பட்டம் பெற்ற அன்று சங்கச் செயலாளர் சாமுவேல் வூஸ்ரர் ஆற்றிய பிரசங்கம் அச்சிலும் வந்தது. மார்ஸ் மேட்டிற் பவுல் என்பது அதன் தலைப்பு. புறச்சமய உலகத்தைப் பற்றிய கிறித்தவ மதிப்பீடு என்பது அதன் துணைத்தலைப்பு.

இத்தலைப்பின் மீது நாம் சிறிது நேரம் தரித்து நிற்கத்தான் வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளிற் பவுல் அதேனே நகருக்குத் தனியே வந்து சேர்கிறார், தெருக்களிலே நடக்கிறார், பீடங்களைப் பார்க்கிறார், அவற்றுள் ஒன்றிற் பொறிக்கப்பட்டிருந்ததை வாசிக்கிறார், சந்தையிற் கூடுவோருடன் நாள்தோறும் வாதிடுகிறார், அதன் பின்னரே மார்ஸ் மேட்டில் நின்று பேசுகிறார். பேசும்போதும் கிரேக்கரின் சொந்தப் புலவர்களையே மேற்கோள் காட்டுகிறார். பேச்சுக்கு முன் நடையும், தீர்ப்புக்கு முன் வாசிப்பும் அங்கு உள்ளன. நியூபரிபோட்டில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. மதிப்பீடு முதலில் நிகழ்கிறது. அம்மதிப்பீட்டைச் செய்தவர் புறப்படுவோர் அல்லர், கரையில் நிற்பவர். புறப்படுவோர் அதனைக் கைக்கொண்டு கப்பலேறுகின்றனர். பவுலின் பெயரால் நடந்த இச்சடங்கிற் பவுலின் முறை விடுபட்டுப் போயிற்று. வேத வசனத்தில் நன்கு தேறிய ஒரு சபை இதனைக் கவனிக்கவில்லை என்பது வியப்பே.

இது ஒரு பிரசங்கத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 1819 இல் றெஜினல்ட் ஹீபர் வேல்சிலுள்ள றெக்சம் நகரில், மிஷனுக்கு நிதி திரட்டும் ஆராதனைக்கென எழுதிய புகழ்பெற்ற பாடல், இலங்கையின் காற்றைப் புகழ்ந்து அதன் மனிதரை இகழ்கிறது. அவர் இத்தீவைக் கண்டது 1825 இல். பார்த்தபின் பாடியிருந்தால் எப்படிப் பாடியிருப்பார் என்பது இலக்கிய ஊகம். பாராமற் பாடியதே தலைமுறைகளாகப் பாடப்பட்டது என்பது வரலாறு. நம்மூர்க் கோயில்களிலும் அதனைப் பாடியவர் உண்டு.

இவ்வெழுத்துகள் எவரை நோக்கி எழுதப்பட்டன என்னும் வினா இங்கு எழுகின்றது. வாரம் ஒரு சதம் சேர்த்த பெண்கள் சங்கங்கள், ஞாயிறு பாடசாலைகள், மிஷனரி ஹெரால்ட் போன்ற ஏடுகளின் வாசகர் ஆகியோரே விளிக்கப்பட்டோர். அவர்களிடமிருந்து பணமும் ஆட்களும் பெறப்பட வேண்டியிருந்தன. பிரதி ஆளை அனுப்பியது. அனுப்பப்பட்ட ஆள் அடுத்த பிரதியை அனுப்பினார். 1818 இல் ஹோலும் நியூவெலும் பம்பாயிலிருந்து எழுதிய சிறு நூலொன்று உலக மக்கள் தொகையைக் கணக்கிட்டு, எத்தனை மிஷனரிமார் தேவை என வாதிட்டது. நியூயோர்க்கில் நோயாளியொருவரின் வீட்டிற் காத்திருந்த வேளையில் அதனைக் கையிலெடுத்த வைத்தியர் ஜோன் ஸ்கடர், மறு ஆண்டு யூன் 8 இல் வின்சுலோ, ஸ்பால்டிங், வூட்வேட் ஆகியோருடன் பொஸ்ரனிலிருந்து இந்தஸ் என்னும் கப்பலில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார். நியூவெலின் மனைவியைப் பற்றிய நூலும், நியூவெல் எழுதிய நூலும் இவ்வாறு தொடர்ந்து கப்பல்களை நிரப்பின. ஏற்றப்பட்ட பெட்டிகளைவிட இவ்வச்சுத் தாள்களே கனமானவை எனத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பெயர்கள்வரை இத்தாள்களின் நிழல் நீண்டது. விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரி அப்பிள்ளைக்கு ஒரு பெயரையும் இடலாம். 1841 இல் உதயதாரகை தொடங்கப்பட்டபோது அதன் ஆசிரியர்களாயிருந்த தமிழர் இருவரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பன. முதலாவது, 1805 இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு 1812 இல் துருக்கி நாட்டிலே தனியனாய் இறந்த மிஷனரியின் பெயர். அவருடைய சரிதை புறப்பாட்டு இலக்கியத்தின் மற்றொரு முதல்நூல். பெயர் சூட்டியோர் தாம் படித்த புத்தகத்தையே கடலுக்கப்பால் ஒரு சிறுவன் மீது எழுதினர். அச்சிறுவர் வளர்ந்து தமிழில் ஒரு பத்திரிகையை நடத்தியமை அவர்கள் எதிர்பார்த்த வகையில் அடங்குவதன்று.

நமது ஆய்வுகளின் கோணல் என மேலே குறிப்பிட்டதை இனி விளக்கலாம். நன்றியுணர்வுடன் எழுதும் ஆசிரியர்கள் தியாகம், ஒளி, அழைப்பு என்னும் சொற்களை வழியனுப்புப் பிரசங்கங்களிலிருந்து பெயர்த்தெடுத்து, மிஷனரிமார் வந்ததும் இருள் விலகியதாக எழுதுகின்றனர். வந்தபோது இங்கு திண்ணைப் பள்ளிகள் இருந்தன, புலவர் இருந்தனர், ஏடுகள் இருந்தன என்பது அவர்கள் அறியாததன்று. எனினும் பிரதியின் அமைப்பு அவர்களை இழுத்துச் செல்கிறது. மறுபுறத்தில் எதிர்நிலை ஆசிரியர்கள் அதே பிரசங்கங்களின் இகழ்ச்சிச் சொற்களைத் திரட்டி, மிஷன் முழுவதும் முன்கூட்டியே வரையப்பட்ட ஒரு சதித்திட்டம் என நிறுவுகின்றனர். இரு சாராரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர்: புறப்படும்போது சொல்லப்பட்டதே இங்கு வந்து நடந்தது என்பதை இருவரும் ஐயமின்றி ஏற்கின்றனர். நாம் அதனை ஏற்கவில்லை. முற்போக்கு நோக்குடைய ஆய்வாளர் சிலரும் இரண்டாம் சாராருடன் எளிதிற் சேர்ந்து விடுகின்றனர். ஏகாதிபத்தியத்தின் முன்னோடிகள் என ஒரு சொல்லில் முடித்துவிட்டால், 1812 இல் கம்பெனி ஏன் இவர்களைக் கல்கத்தாவிலிருந்து வெளியேற்றியது, 1820 இல் அச்சுவேலைக்கென வந்த கறற் என்பவரை இலங்கை அரசாங்கம் ஏன் திருப்பி அனுப்பியது, 1833 வரை புதிய அமெரிக்கர் ஏன் அனுமதிக்கப்படவில்லை என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்காது. உறவு இருந்தது, அது எசமான் ஏவலாள் உறவன்று.

புறப்பாட்டுப் பிரதி இங்கு வந்ததும் எவ்வாறு உடைந்தது என்பதை ஹரியற் வின்சுலோவின் சரிதையிற் காணலாம். கனெற்றிக்கட் மாநிலத்து நொறிச்சில் 1796 இற் பிறந்த இவர், 1819 யனவரியில் மணமுடித்து அவ்வாண்டு யூனிற் கப்பலேறி, 1833 யனவரியில் உடுவிலில் இறந்தார். 1824 இல் அங்கு தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை இவருடைய கைவேலை. கணவர் மிரோன் வின்சுலோ 1835 இல் வெளியிட்ட சரிதையின் முற்பகுதி, ஹரியற் நியூவெலின் நூல் வகுத்த வழியிலேயே செல்கிறது: ஆன்ம பரிசோதனை, அழைப்பு, பெற்றோர், பிரிவு. பிற்பகுதியிலோ பாடசாலை, குழந்தைகள், நோய்கள், சமையல், மொழி என நாளாந்த வாழ்வின் சில்லறைகள் புகுந்து விடுகின்றன. அவை அழைப்பின் உயர்நடைக்கு இசைவதில்லை. இப்பிற்பகுதியே நமக்குப் பயன்படும் பகுதி. அமெரிக்க வாசகரைப் பெரிதும் கவர்ந்தது முற்பகுதியாகவே இருக்க வேண்டும் என நாம் ஊகிக்கின்றோம். இவருடைய தங்கையர் மூவரும் பின்னர் மிஷனரி மனைவியராக இதே மிஷனுக்கு வந்தனர். ஒரே வீட்டிலிருந்து நால்வர் என்பது எந்தப் பிரசங்கத்தினும் வலிய செய்தி. ஈண்டு ஒரு புறக்குறிப்பு: யாழ்ப்பாணத்திற் பிறந்த வின்சுலோவின் மகளுடைய பேரப்பிள்ளைகளே, 1950 களில் அமெரிக்க இராசாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலசும் உளவுத்துறைத் தலைவராயிருந்த அலன் டலசும். இதிலிருந்து உடுவிலையும் வாஷிங்ரனையும் இணைக்கும் ஒரு கோட்பாட்டை நிறுவ எவரேனும் முற்படுவராயின், அவர்களுடைய உற்சாகத்தை நாம் பகிர்ந்துகொள்ளப் போவதில்லை.

மிரோன் வின்சுலோ வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதி 1862 இற் சென்னையில் அச்சேறியது. அதற்கு இருபது ஆண்டுகள் முன், 1842 இல், மானிப்பாய் அகராதி சந்திரசேகர பண்டிதரின் உழைப்பால் வெளிவந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியில் 1823 முதல் 1855 வரை ஆங்கிலத்துடன் தமிழ் இலக்கண இலக்கியங்களும் பாடமாயின. உபதேசத்துக்கும் வாதத்துக்கும் கருவியாகவே இவை தொடங்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும் கருவியைச் செய்வதற்குத் தமிழ்ப் புலவரின் அருகில் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. அதேனேயின் தெருக்களில் நடந்த பவுலின் நடையை இவர்கள் நடந்தது அவ்வேளையிலேதான். மதிப்பீடு எழுதப்பட்டு ஒரு தலைமுறை கழிந்தபின்.

புறப்பாட்டு மரபின் எல்லைக்கு வெளியே நிற்பவராக எமக்குத் தோன்றுபவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் வந்து மானிப்பாயில் நிலைகொண்ட இவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என நூல்கள் தொடர்ந்தன. மாணவர் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதை இவர் விரும்பவில்லை. மருத்துவமும் ஒரு சுவிசேஷ வழி என்றே இவர் இறுதிவரை நம்பினார். அந்நம்பிக்கையை மறைத்து இவரைத் தூய தமிழ்த் தொண்டராக மட்டும் சித்திரிப்பது நேர்மையாகாது. ஆனால் இவர் எழுதிய எழுத்தின் வாசகர் யார் என்பதை நோக்குக. நியூ இங்கிலாந்துச் சதச் சங்கத்துக்கு இரணவைத்தியத்தால் ஆவதொன்றுமில்லை. அந்நூலின் ஒவ்வொரு கலைச்சொல்லும் மானிப்பாயில் நோயாளியின் அருகில் நின்ற ஒரு தமிழ் மாணவனை நோக்கியது. 1873 இற் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். இம்முறை புறப்பாடு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில், தாம் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பின்னரும் தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்துவதிலும் யாழ்ப்பாணத்து மாணவருக்குக் கடிதம் எழுதுவதிலும் ஈடுபட்டிருந்தார். 1884 இல் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டில் மனுஷ சுகரணம் வெளிவந்திருந்தது.